விசிலக்காவும் கத்தாத தரையும்

குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு மூன்று பெயர்கள் இருந்தன. வருகைப் பதிவேட்டில் ஒன்று, அடையாள அட்டையில் எழுத்துப் பிழையோடு ஒன்று, எல்லோர் வாயிலும் ஒன்று. வாயில் இருந்ததுதான் நிலைத்தது: விசிலக்கா. பெயரைக் கேள்விப்பட்டு அவரைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். ஒல்லி உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி, கேட்டதற்கு மட்டும் பதில். அவர் வாயால் விசிலடித்து யாரும் கேட்டதில்லை.

அவருடைய அப்பா அதே அலுவலகத்தில் வால்வு திறந்து மூடுகிற வேலை பார்த்து, பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலைக்கு மகள் விண்ணப்பித்தார். ரேடியோ மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம் படித்திருந்தார். அலுவலகம் அவரை வயர்லெஸ் அறையில் போட்டது. தெரிந்த வேலைக்குத் தெரிந்த ஆளைப் போட்டது அந்த அலுவலகத்தின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. அதுவும் கவனக்குறைவால் நடந்தது என்று பின்னால் தெரிந்தது. உத்தரவில் இரண்டு வரிகள் இடம் மாறிவிட்டன. அவர் தபால் பிரிவுக்கும், தபால் பிரிவில் பழகிய ஒருவர் வயர்லெஸ் அறைக்கும் போயிருக்க வேண்டுமாம்.

நகரத்தைச் சுற்றி ஏழு பம்பு நிலையங்கள். மணிக்கொரு தரம் ஒவ்வொரு பம்பு ஆபரேட்டரும் வயர்லெஸ் செட்டின் பொத்தானை அழுத்தி, தொட்டியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது என்பது விதி. விதியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்ததால் யாரும் அதைப் படிக்கவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்திவிட்டால் அறையில் இருக்கும் ஸ்பீக்கரில் ஒரு வார்த்தையும் புரியாது. 'ஊய்ய்ய்' என்று ஒரு விசில் மட்டும் வரும்.

அந்த விசிலுக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு செட்டும் நொடிக்குப் பல கோடி தடவை துடிக்கிற ஓர் அலையை அனுப்புகிறது. அந்தத் துடிப்பு எந்தக் காதுக்கும் எட்டாது. எல்லாச் செட்டும் ஒரே எண்ணிக்கையில் துடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் செட்டும் மனிதர் மாதிரிதான், வயதாக ஆகத் தடம் விலகும். ஒன்று சொன்னபடி துடித்து, இன்னொன்று நொடிக்கு ஓராயிரம் கூடுதலாகத் துடித்தால், இரண்டும் கலக்கிற இடத்தில் அந்த ஓராயிரம் மட்டும் கழன்று தனியாக வெளியே வரும். ஆயிரம் துடிப்பு என்பது காதுக்கு எட்டுகிற சங்கதி. அதுதான் விசில். வித்தியாசம் கூடினால் கீச்சென்று ஏறும், குறைந்தால் இறங்கி உறுமும், இரண்டும் ஒத்துப்போனால் அடங்கிவிடும்.

மற்றவர்கள் விசில் வந்தால் காதைப் பொத்திக்கொண்டார்கள். இவர் காதைத் தீட்டிக்கொண்டார். "நாலாம் நம்பர் அண்ணே, உங்க செட்டு விசிலடிக்குது. தடம் மாறிடுச்சு, கழட்டி அனுப்புங்க" என்பார். கழற்றிப் பார்த்தால் அவர் சொன்னபடியே இருக்கும். இப்படி ஏழு பேரிடமும் விசில், விசில் என்று சொல்லிச் சொல்லி அவரே விசிலக்கா ஆனார்.

பிறகு எல்லார் சட்டைப்பையிலும் கைபேசி வந்தது. வயர்லெஸ் அறையை மூடினார்கள். செட்டுகளைப் பரண்மேல் ஏற்றினார்கள். அவரைப் பரண்மேல் ஏற்ற விதி இடம் தராததால் மாடிப்படிக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மூன்று வருடம். காலையில் கையெழுத்து, மாலையில் கையெழுத்து, நடுவில் ஒன்றுமில்லை. ஓய்வு பெற்றவர்களே பொறாமைப்படுகிற ஓய்வு அது. அவருக்கோ அது முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்து மேசைக்காரர், "குடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்று தினமும் சொல்வார். அவரைத் திட்டத் தெரியாமல் விசிலக்கா தலையாட்டுவார்.

அந்தக் கட்டடத்தின் மாடியில் சாலைப் பிரிவு, கீழே குடிநீர்ப் பிரிவு. நடுவில் பதினெட்டுப் படிகள். சாலைப் பிரிவு தார் போடும்போதெல்லாம் குடிநீர்ப் பிரிவின் வால்வுக் குழிகள்மேல் இருக்கும் இரும்பு மூடிகளையும் சேர்த்து மூடிவிடும். 'எங்கள் மூடிகள்மேல் தார் ஊற்றாதீர்கள்' என்று மாடியேறிப் போய்ச் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்காது. கடிதம்தான் போகும். கடிதம் பதினெட்டுப் படி ஏற நாலு மாதம் ஆகும். தார் அன்று மாலையே காய்ந்துவிடும்.

ஒரு நாள் காலை கடைத்தெருவில் பெரிய குழாய் உடைந்தது. வால்வை மூடினால் தண்ணீர் நின்றுவிடும். வால்வு எங்கே என்பதுதான் கேள்வி. குடிநீர்ப் பிரிவின் பொறியாளர் வரைபடத்தோடு வந்து இறங்கினார். எங்கே போனாலும் வரைபடம் இல்லாமல் போக மாட்டார், அதனால் அவருக்கு மேப் சார் என்று பெயர். வரைபடத்தில், 'மரத்திலிருந்து தெற்கே பன்னிரண்டு அடி' என்று தெளிவாக எழுதியிருந்தது. மரத்தை வெட்டி ஆறு வருடமாகியிருந்தது.

"இங்க தோண்டுங்க" என்றார் மேப் சார். தோண்டினார்கள். "அப்போ இங்க." தோண்டினார்கள். மத்தியானத்துக்குள் ஒன்பது குழிகள். உடைந்த குழாயின் தண்ணீர் ஒன்பதிலும் நிரம்பி, வழிந்து, வரிசையாகக் கடைகளுக்குள் போனது. மூன்றாவது கடை விசிலக்காவின் கணவருடையது. அவர் தையற்காரர். தைத்து மடித்து வைத்திருந்த பதினாறு கால்சட்டைகள் நனைந்தன.

"உங்க ஆபீஸ் தண்ணி நம்ம கடை வரைக்கும் வந்துருச்சு" என்றார் அவர் சாயங்காலம், கால்சட்டையைப் பிழிந்துகொண்டே. "வீட்டுக் குழாய்ல மட்டும் வர மாட்டேங்குது."

மறுநாள் விசிலக்கா பரணில் ஏறி, செத்துக் கிடந்த வயர்லெஸ் செட்டுகளில் இரண்டை இறக்கி, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பிரித்தார். பிளாஸ்டிக் வாளியின் மூடியில் செம்புக் கம்பியை வளையமாகச் சுற்றினார். அதை ஒரு பிளாஸ்டிக் குழாயின் நுனியில் கட்டினார். மேல் நுனியில் ஒரு தகரப் பெட்டி, ஒரு குமிழ், ஒரு சின்ன ஸ்பீக்கர். ஒரு மாதம் ஆனது. பார்த்தவர்கள் ஒட்டடைக் கம்பு என்று நினைத்தார்கள். அரசாங்க நேரத்தில் ஒருவர் வேலை பார்க்கிறார் என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

வீட்டில் கணவர் கேட்டார். "இது என்னத்தைப் பண்ணும்?"

"கடையில உங்க ரெண்டு மோட்டார் மிஷினும் சேர்ந்து ஓடும்போது ஊம்... ஊம்...னு ஏறி இறங்கி ஒரு சத்தம் வருமில்லைங்க?"

"அது கரண்டுக் கோளாறு."

"ரெண்டும் ஒரே வேகத்துல ஓடல. அந்த வித்தியாசம்தான் கேக்குது. ஒண்ணுல தடிச்ச துணிய குடுத்தா என்ன ஆகும்?"

"வேகம் மாறும். சத்தமும் மாறும்."

"இதுவும் அதேதான். உள்ள ரெண்டு சர்க்யூட்டு. ரெண்டும் நொடிக்கு லட்சம் தடவை துடிக்கும். ஒண்ணு பெட்டிக்குள்ளயே இருந்து அது பாட்டுக்குத் துடிக்கும். இன்னொண்ணு இந்த வளையத்தோட சேர்ந்து துடிக்கும். வளையத்துக்குக் கீழ இரும்பு வந்தா அதோட துடிப்பு மட்டும் மாறும். ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் விசிலா வெளிய வரும்."

கணவர் யோசித்தார். "அப்போ இது தண்ணிய கண்டுபிடிக்காதா?"

"மூடியத்தான் கண்டுபிடிக்கும்."

"நல்லவேளை. உங்க ஆபீஸ்ல தண்ணிய கண்டுபிடிக்கிற மிஷின் வச்சா, அது ஒரு நாளும் வாய் திறக்காது."

முதல் சோதனைக்குப் பெரிய ஃபிட்டர்தான் கூட வந்தார். முப்பது வருடமாகக் கடப்பாரையும் கையுமாக அலைகிறவர், எதையும் நம்பாதவர். விசிலக்கா தார்ச் சாலையில் வளையத்தைத் தரையொட்டி வீசி வீசி நடந்தார். ஸ்பீக்கர் ஒரே சுருதியில் முனகியது. வெயில் ஏற ஏற முனகல் தானாக மெல்ல மாறும். அவர் குமிழைத் திருகிப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார். இருபதாவது அடியில் விசில் சரசரவென்று ஏறியது.

"இங்கயாம்மா?" என்றார் ஃபிட்டர்.

"இங்கதாண்ணே."

கடப்பாரை விழுந்தது. தார் பெயர்ந்தது. நாலாவது குத்தில் 'டங்' என்றது. ஃபிட்டர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அந்த ஒட்டடைக் கம்பைக் கும்பிட்டார்.

இரண்டு மாதத்தில் நாற்பத்து மூன்று மூடிகள் வெளியே வந்தன. கூடவே மூன்று ஸ்பானர்கள், ஒரு மண்வெட்டி, சாலைப் பிரிவின் முத்திரை குத்திய ஓர் இரும்பு வாளி. வாளியைப் பெரிய ஃபிட்டர் தன் கையாலேயே மாடிக்கு எடுத்துப்போய்ச் சாலைப் பிரிவின் வாசலில் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பதில் கடிதம் இன்னும் படி இறங்கவில்லை.

மேப் சார் அதுவரை கண்டுகொள்ளவில்லை. நாற்பத்து மூன்று என்ற எண் காதில் விழுந்ததும் ஓடி வந்தார். தகரப் பெட்டிக்கு நீலச் சாயம் அடிக்கச் சொன்னார். அதன்மேல், 'பொறியாளர் அவர்களின் வழிகாட்டுதலில் உருவானது' என்று எழுதி ஒட்டினார். புதிதாக வந்திருந்த ஆணையர் அம்மாவுக்குச் செயல்முறை விளக்கம் காட்டுவது என்று தேதியும் குறித்தார். இடம், அலுவலகத்துக்குப் பின்னால் தண்ணீர் லாரிகள் நிற்பதற்காக எட்டு மாதம் முன்பு போட்ட காங்கிரீட் முற்றம். அதன் அடியிலும் ஒரு மூடி மாட்டிக்கொண்டிருந்தது. முற்றத்தைப் போட்ட காண்டிராக்டர் மேப் சாருடைய மச்சான், அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

"சார், அங்க வேண்டாம்" என்றார் விசிலக்கா. "அது கம்பி போட்ட தரை. ஜாணுக்கு ஒரு கம்பி இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் கத்தும். அதுல மூடி எதுன்னு பிரிச்சுச் சொல்லவே முடியாது. தார் ரோட்டுல வச்சுக்கலாம் சார்."

"அதெல்லாம் கத்தாதும்மா."

"இல்ல சார், கம்பின்னா..."

"கத்தாதுன்னு சொல்றேன்ல. இஞ்சினியர் நீயா, நானா?"

இருபத்தேழு வருட உத்தியோகத்தில் மேப் சார் இவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை. இவ்வளவு சரியாகவும் சொன்னதில்லை.

விழா நாளன்று துணிப்பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேப் சார் அலைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அலை என்று அவர் சொன்னதெல்லாம் கடல் அலை மாதிரி இருந்தது. பிறகு விசிலக்கா கருவியைப் போட்டு நடந்தார்.

முதல் அடியில் விசில் மாறவில்லை. இரண்டாவது அடியிலும் இல்லை. பத்து அடி போனார். கோடு போட்ட மாதிரி ஒரே சுருதி. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தார். குனிந்து வளையத்தை ஒரு நாற்காலிக் கால் பக்கம் கொண்டுபோனார். 'ஊய்ய்' என்று அலறியது. திரும்பத் தரைக்குக் கொண்டுவந்தார். முனகல். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நிமிர்ந்து மேப் சாரைப் பார்த்தார். அவர் 'நான் சொன்னேன்ல' என்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நிமிடத்தில் ஓரிடத்தில் விசில் ஏறி, மூடி அகப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். மச்சான்தான் முதலில் தட்டினார். ஆணையர் அம்மா எழுந்து வந்து கருவியை ஆசையோடு தொட்டுப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கே. இது எதுக்கெல்லாம் கத்தும்?"

"எந்த உலோகம் வந்தாலும் கத்தும் மேடம்."

"காங்கிரீட்டுக்குள்ள இருக்குற கம்பிக்கு?"

"மேடம், டீ ஆறிடும்" என்றார் மேப் சார்.

விசிலக்காவுக்கு அப்பா வேலை பார்த்த அலுவலகம், வாரிசு வேலை, மூன்று வருட நாற்காலி எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதைத் தவிர வேறொன்றும் அவருக்குப் பழக்கமில்லை.

"கம்பிக்கும் கத்தும் மேடம்."

"இங்க கத்தலையே."

"ஆமா மேடம். கத்தல."

பந்தலுக்குள் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மச்சான் எழுந்து தன் வண்டி இருக்கும் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"கம்பி ரொம்ப ஆழத்துல இருக்கு மேடம்" என்றார் மேப் சார். "அவ்வளவு ஆழம் இதுக்கு எட்டாது."

"தரை என்ன கனம்?"

"ஆறு அங்குலம் மேடம்."

"மூடி எங்க இருக்கு?"

மேப் சார் வரைபடத்தைப் பிரித்தார். பெரிய ஃபிட்டர் பணிவாகச் சொன்னார்: "தரைக்குக் கீழ மேடம். அந்த ஆறு அங்குலத்தையும் தாண்டி."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை நாற்காலி, பந்தல், டீ எல்லாம் ஏற்பாடு செய்து, அழைப்பிதழ் அடித்துக் கெட்டது.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. தரையை உடைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியம் என்பதால், குழு முதலில் கருவியை விசாரித்தது. இது எந்தக் கம்பெனிக் கருவி, சான்றிதழ் உண்டா, சுருதி வெயிலில் மாறுமா என்று கேட்டார்கள்.

"மாறும் சார். மெல்ல மெல்ல ஒரே பக்கமா மாறும். கம்பின்னா அடிக்கு அடி ஏறி ஏறி இறங்கும். ரெண்டும் வேற."

"அதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் குழுத் தலைவர்.

விசிலக்கா கருவியைப் போட்டு, வளையத்தை மெல்ல மேசை ஓரமாகக் கொண்டுபோனார். தலைவரின் இடுப்பருகே வந்ததும் அது ஊளையிட்டது. பெல்ட்டின் கொக்கி. விலக்கினார், அடங்கியது. கொண்டுபோனார், ஊளையிட்டது. அறையில் சிரிக்காதவர் தலைவர் ஒருவர்தான்.

ஐந்தாவது மாதம் முற்றத்தில் ஆறு இடத்தில் துளை போட்டார்கள். ஐந்தில் சல்லியும் மணலும்தான் இருந்தன. வாசல் மூலையில் போட்ட ஒன்றில் மட்டும் அழகாக, ஜாண் இடைவெளியில், கம்பி இருந்தது. கம்பி கட்டியதற்கு ஆதாரமாகக் கோப்பில் ஒட்டியிருந்த புகைப்படம் அந்த மூலையில் எடுத்ததுதான்.

நீதி உடனே வழங்கப்பட்டது. மேப் சாரைப் பயிற்சி நிலையத்துக்கு மாற்றினார்கள், கட்டுமானத் தரம் பற்றி வகுப்பெடுக்க. முற்றத்தைத் திரும்பப் போடும் வேலை மச்சானின் மனைவி பெயரில் இருந்த புதுக் கம்பெனிக்குப் போனது. விசிலக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. 'அரசுப் பொருளான வயர்லெஸ் செட்டுகளை முன்அனுமதியின்றிப் பிரித்தது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கவும்.'

அவர் அன்றே எழுதிக் கொடுத்தார்: 'செட்டுகள் சும்மா இருந்தன. நானும் சும்மா இருந்தேன்.'

அலுவலகத்தில் பேச்சுக் குறைந்தது. பக்கத்து மேசைக்காரர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனார். அவர் வீட்டிலும் புதிதாகத் தளம் போட்டிருந்தார்களாம், மச்சான்தான் போட்டாராம். பெரிய ஃபிட்டர் மட்டும் பழையபடி வந்து டீ குடித்தார். ஒரு சாயங்காலம் விசிலக்கா கணவரிடம் கேட்டார்.

"நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமோ?"

"நீ என்ன கத்தினியா? மிஷினும் கத்தல. அதானே இவ்வளவு ரகளை" என்றார் அவர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "போய்த் தூங்கு. நாளைக்கு உன்னைய பயிற்சி நிலையத்துக்கு அனுப்ப மாட்டாங்க. அந்த அளவுக்கு நீ தப்புப் பண்ணல."

பயிற்சி நிலையத்துக்கு அனுப்பவில்லை. மூன்று வாரம் கழித்து ஆணையர் அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அந்த வருடம் கட்டி முடித்த ஏழு கட்டடங்களின் தரையையும் கூரைத் தளத்தையும் அவர் கருவியோடு போய்ப் பார்த்து எழுத வேண்டும். அடையாள அட்டையில் இருந்த அதே எழுத்துப் பிழை உத்தரவிலும் இருந்தது. அவர் அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். அன்று மத்தியானம் அவர் சிரித்ததாகப் பெரிய ஃபிட்டர் சொன்னார். வேறு சாட்சி இல்லை.

பட்டியலில் முதலாவது ஓர் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம். பிரசவ வார்டு. போய் இறங்கும்போதே அந்தக் கட்டடத்தின் காண்டிராக்டர் வாசலில் காத்திருந்தார். நிழலில் நாற்காலி, குளிர்ந்த பானம், மேலே ஒரு மின்விசிறி. எல்லாம் வாசல் பக்கத்து மூலையில்.

"வாங்கக்கா, வாங்க. இப்படி வாசல்லேருந்தே ஆரம்பிச்சுடுங்க. சுருக்கா முடிஞ்சிரும்" என்றார் பல்லெல்லாம் தெரிய. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கெங்க நடப்பீங்கன்னு ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா எங்களுக்கும் வசதியா இருந்திருக்கும்."

விசிலக்கா குமிழைத் திருகி விசிலைச் சரிசெய்தார். நாற்காலியைத் தாண்டினார், மூலையைத் தாண்டினார், கட்டில்கள் போட வேண்டிய இடத்துக்கு நேராக, கூடத்தின் நட்டநடுவுக்குப் போய் நின்றுகொண்டு வளையத்தைத் தரையில் இறக்கினார்.